ஆற்றுப்படுத்தாத பயண எழுத்து

பயண இலக்கியம் மேனாட்டார் வரவால் தமிழுக்குக் கிடைத்த புதுவரவு என்று எழுதுவோர் உளர். உரைநடையில் அமைந்த பயண நூல்களைப் பொறுத்தவரை அக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், ஓரிடத்திற்குச் சென்று மீண்டவன் அங்குச் செல்ல இருப்பவனை எதிர்ப்பட்டு, வழியையும் வழியில் வாழும் மக்களையும் அறிமுகம் செய்துவைக்கும் நெறி, ஆற்றுப்படை என்னும் பெயரால் பண்டே தமிழில் நிலைபெற்றிருந்தது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகளே. அவற்றை வள்ளல்களின் புகழ் பாடும் பாட்டுகள் என்ற அளவில் வகுப்பறையில் கற்பித்து முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அவை பயணத்தின் இலக்கணத்தையும் சொல்கின்றன என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவதில்லை.

பெரும்பாணாற்றுப்படையில் இளந்திரையனின் ஊர் கடைசியில்தான் வருகிறது. அதற்குமுன் எயினர் குடில், ஆயர் சேரி, உழவர் மனை, வலைஞர் குடியிருப்பு, அந்தணர் இல்லம் என்று பல வாயில்களைக் கடந்து செல்ல வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் யார் வாழ்கின்றனர், எதனை உண்கின்றனர், வந்தவர்க்கு எதனைத் தருவர் என்று உருத்திரங்கண்ணனார் நின்று நிதானித்துச் சொல்கிறார். மலைபடுகடாமோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகளும், வழுக்கும் பாறைகளும், புனங்காப்போர் எறியும் கவண்கற்களும் வழிப்போக்கனுக்கு முன்கூட்டியே உணர்த்தப்படுகின்றன. செல்லும் நிலத்திற்கு உரியவர் ஏற்கெனவே அங்கு இருக்கின்றனர், அவர்களுடைய வாழ்க்கைக்குள் இவன்தான் புதியவனாக நுழைகிறான் என்னும் உணர்வு இப்பாட்டுகளின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

விழாவைக் காணும் முறைக்கு மணிமேகலை ஓர் அளவுகோல் தருகிறது. இந்திர விழாவின் வருணனையோடு சாத்தனார் காப்பியத்தைத் தொடங்கவில்லை. விழாவறை காதையில், அவ்விழாவை முதலில் எடுத்தவன் யார், யார் சொல்ல எடுத்தான், மறந்தால் ஊருக்கு என்ன நேரும் என்பவற்றைச் சொல்கிறார். அதன்பின்னரே யானையின் பிடரியில் முரசு ஏறுகிறது. முரசறைவோன் சொல்பவற்றுள் தோரணம் கட்டும் செய்தியோடு வேறொரு செய்தியும் உண்டு. சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி முறையறிந்து வாதிடலாம். பகைவரோடு நேர்ப்பட்டாலும் சினமும் கலகமும் கொள்ளாது விலக வேண்டும். பல மொழி பேசுவோர் கலந்து வாழ்ந்த துறைமுக நகரில் இருபத்தெட்டு நாள் விழா எடுப்போர்க்கு இத்தகைய கட்டளை தேவைப்பட்டது. பல இனத்தார் வாழும் மலேசியா போன்ற நாட்டில் இப்பகுதியைப் பயிற்றும் ஆசிரியர், விளக்கத்திற்காக நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டு பத்துமலைத் தைப்பூசத்தைப் பற்றி எழுதப்படுபவற்றைப் பார்க்கலாம்.

1891ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் பத்துமலைக் குகையில் முருக வழிபாடு ஏற்பட்டது. மறு ஆண்டு முதல் அங்குத் தைப்பூசம் நடைபெற்று வருகிறது. அதற்கு முன்னரே அக்குகைகளைத் தெமுவான் பழங்குடியினர் அறிந்திருந்தனர். சீனக் குடியேறிகள் அங்கிருந்து வௌவால் எருவை அள்ளித் தம் தோட்டங்களுக்கு இட்டனர். 1878இல் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் ஹோர்னடே அதனை வெளியுலகிற்கு எடுத்துரைத்தார். ஒரே சுண்ணாம்புப் பாறைக்குப் பழங்குடியினரும் சீனரும் மேனாட்டாரும் தமிழரும் நான்கு வகையாகப் பொருள் கண்டிருக்கின்றனர். நாட்டின் வரலாற்றை ஒரு மலையடிவாரத்தில் நின்றே மாணவர்க்குச் சொல்லிவிடலாம் என்பதற்கு இதனினும் தக்க இடம் கிடைப்பது அரிது.

ஆனால், சுற்றுலாக் கையேடுகள் பொதுவாகக் காட்டும் பத்துமலை வேறு. 272 படிகள் என்று அவை தொடங்கும். 2006இல் திறக்கப்பட்ட முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர் என்று அடுத்த வரி சொல்லும். 2018இல் படிகளுக்குப் பல வண்ணம் தீட்டிய பின்னர், எந்த இடத்தில் நின்றால் நிழற்படம் நன்றாக அமையும் என்பதும் சேர்ந்துகொண்டது. குரங்குகளிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி ஓர் அறிவுரை. (கையேட்டில் பத்துமலைவாழ் உயிர்களின் நடத்தை பற்றி விரிவாகச் சொல்லப்படுவது குரங்குகளைக் குறித்து மட்டுமே என்று சொன்னால் அது மிகையாகாது.) பின்னர்த் தைப்பூசம். அதில் நாவிலும் கன்னத்திலும் வேல் தைத்த முகம் ஒன்று பக்கம் முழுவதையும் நிறைத்து நிற்கும்.

அந்தப் படம் பொய்யன்று. அலகு குத்துவோர் உளர். ஆயினும் அவ்விழாவில் படியேறுவோருள் பால்குடம் ஏந்தியவர்களே மிகுதி. பால்குடம் ஏந்திய நடுவயதுப் பெண்ணின் முகத்தில் வியப்பூட்டுவது ஒன்றுமில்லை என்பதால், ஒளிப்படக் கருவி அவளைக் கடந்து சென்றுவிடுகிறது. பிள்ளையின் நோய் தீரவேண்டி அவள் நேர்ந்துகொண்டதும், ஒரு மாதமோ ஒரு மண்டலமோ புலாலை நீக்கி, தரையில் பாய்விரித்துப் படுத்ததும், அந்த நாள்களில் அவ்வீட்டின் அடுக்களை முழுவதுமே மாறியதும் படத்தில் விழக்கூடியவை அல்ல. நாவில் தைக்கும் சிறுவேல் பேச்சைத் துறக்கும் மோன விரதத்தின் அடையாளம் என்று விளங்கிக்கொள்ளும் மரபும் உண்டு. படத்தின்கீழ் ஒரே வரியில் அதனைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் காட்சியின் கூர்மை குறைந்துவிடும் போலும்.

இத்தகைய எழுத்துகளில் மற்றொரு தவறு கைமாறிக் கைமாறி வருகிறது. அலகுக் காவடி இந்தியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மட்டுமே எஞ்சியிருக்கிறது என்பது அது. பழனிக்கும் தமிழகத்தின் பிற முருகன் கோயில்களுக்கும் ஒருமுறை சென்றவர்கூட இதனை எழுதமாட்டார். இது நிலைத்துவிட்டதன் காரணத்தை ஆராய்ந்தால், சுற்றுலா எழுத்தின் இயல்பே புலப்படும். வேறெங்கும் காண இயலாதது என்று சொன்னாலன்றிப் பயணச் சீட்டு விலையாவதில்லை. வழிகாட்டியாகப் பணியாற்றும் தமிழ் இளைஞர்களே இதனை வந்தவர்க்கு உரைப்பதுதான் வருத்தத்திற்குரியது.

இங்கே குறை முழுவதையும் பயணிமேல் ஏற்றுவது நேர்மையாகாது. காவடியின் பொருள் என்ன என்று பிற இனத்து நண்பன் கேட்டால், விளக்கிச் சொல்லும் அளவுக்குத் தமிழ் மாணவன் ஆயத்தமாக இருக்கிறானா? இடும்பன் கதையை அவன் பெரும்பாலும் கேட்டிருப்பான். அகத்தியரின் ஏவலால் சிவகிரி, சக்திகிரி என்னும் இரண்டு குன்றுகளை ஒரு தண்டின் இருமுனையிலும் கட்டித் தோளில் சுமந்து வந்த இடும்பன், பழனியில் முருகனோடு பொருது வீழ்ந்து, பின் அருள்பெற்று அவன் காவலன் ஆனான். இருபுறமும் சுமை தொங்கத் தோளில் வைத்த தண்டே காவடி. இதுவரை புராணம். இந்நாட்டில் அதற்கு அடுத்த ஓர் அதிகாரமும் உண்டு. அதனை யாரும் எழுதவில்லை.

ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்து, ஒரு கம்பின் இருமுனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தே பால் கொட்டகைக்குக் கொண்டுசென்றனர். அந்தக் கம்பைத் தோட்டத்து மக்கள் மலாய்ச் சொல்லைத் தழுவிக் காண்டா என்று அழைத்தனர். ஆண்டு முழுவதும் தோளில் காண்டா; ஆண்டில் ஒருநாள் அதே தோளில் காவடி. ஆண்டு முழுவதும் துரைக்காகப் பால்; ஒருநாள் முருகனுக்காகப் பால். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று இங்கு வாதிடப்படவில்லை. காவடி காண்டாவினும் மிகத் தொன்மையானது. எனினும், கூலிக்காகச் சுமந்த ஒருவன், எவரும் ஏவாமல் தானே விரும்பி ஏற்ற சுமையோடு நகரத்து நடுவீதியில் நடந்து வந்தபோது, அவன் நடையில் வேறொரு பெருமிதம் இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. அப்பெருமிதத்தைத் தொட்டுக் காட்டாத எந்தக் கட்டுரையும், அது தமிழன் எழுதியதாயினும் மேனாட்டான் எழுதியதாயினும், பத்துமலையின் அடிவாரத்தோடு நின்றுவிட்ட கட்டுரையே.

அடிவாரத்தைக் கடந்தவர்களும் இருக்கின்றனர். அவருள் அயல்நாட்டாரும் உண்டு. எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ் பினாங்குத் தைப்பூசத்தை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட நூல், சடங்கு, அதிகாரம், அறவழி மீட்சி ஆகிய மூன்றையும் தலைப்பிலேயே இணைத்துப் பேசுகிறது. அலகைப் பார்த்து அஞ்சியோ வியந்தோ நின்றுவிடாமல், அதனைத் தாங்குபவன் சமுதாயத்தில் எந்தப் படியில் நிற்கிறான் என்று அவர் கேட்டார். கார்ல் வடிவேல்லா பெல் என்னும் ஆஸ்திரேலியர், கோலாலம்பூரில் தம் நாட்டுத் தூதரகத்தில் பணியாற்றிய காலத்தில் தைப்பூசத்தைக் கண்டார்; பின்னாளில் தாமே காவடி எடுத்தார். அவருடைய ஆய்வு நூல் 2017இல்தான் வெளிவந்தது. விழாவைக் கண்டதற்கும் அதைப் பற்றி நூல் எழுதியதற்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்! ஒருநாள் கண்டதை மறுநாளே எழுதிவிடும் சுற்றுலா எழுத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். இவர்கள் சொன்ன முடிவுகள் அனைத்தும் ஏற்கத்தக்கனவா என்பது வேறு வினா. நேர்த்திக்கடனை அதிகாரத்தின் மொழியில் மட்டும் படித்தால் பக்தி காணாமற் போகும் என்று வாதிடுவோர்க்கும் இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தைத் தமிழில் நடத்துவதற்கே, இவ்விரு நூல்களையும் பொறுமையுடன் மதிப்பிட்டு எழுதும் தமிழ்த் திறனாய்வு பெருகவேண்டியிருக்கிறது.

இனி, தமிழ்ப் பயண எழுத்து பிறர் விழாக்களை எங்ஙனம் காண்கிறது என்று பார்த்தால், சுற்றுலாப் பயணியின்மேல் தமிழன் கொள்ளும் சினம் தன்னையே நோக்கித் திரும்ப வேண்டியதாகிறது.

சபா மாநிலத்தில் ஆண்டுதோறும் மே 30, 31 ஆகிய நாள்களில் கடசான் டூசுன் மக்கள் காமாத்தான் என்னும் அறுவடைத் திருநாளைக் கொண்டாடுகின்றனர். தமிழர்க்குப் பொங்கல் எப்படியோ அவர்க்கு அது அப்படி. இதனைக் கண்டு திரும்பிய தமிழர் எழுதும் குறிப்புகளில் தவறாது இடம்பெறுவன இரண்டு: தப்பாய் என்னும் அரிசிக் கள், உண்டுக் ஙாடாவ் என்னும் அழகியர் போட்டி. கள்ளையும் அழகியரையும் கண்டு வந்ததாக எழுதும் ஒருவர், காவடியில் இரத்தத்தைத் தேடும் வெள்ளைக்காரப் பயணியை எந்த வாயால் குறைகூற இயலும்?

உண்டுக் ஙாடாவின் பின்னே ஒரு கதை இருக்கிறது. மக்கள் பஞ்சத்தால் வாடியபோது, படைப்புக் கடவுளாகிய கினோயிஙான் தம் மகள் ஹுமினோடுனைப் பலியாகத் தந்தார். நிலத்தில் விதைக்கப்பட்ட அவள் உடலிலிருந்தே நெல் முளைத்தது. ஆகவே ஒவ்வொரு நெல்மணியிலும் அவள் இருக்கிறாள் என்பது அம்மக்களின் நம்பிக்கை. பொபோஹிசான் என்னும் பூசாரிப் பெண்கள் மாகாவாவ் சடங்கில் அந்த நெல்லின் உயிரை மீட்டு அழைக்கின்றனர். மேடையில் முடிசூடும் பெண் அழகுக்காக மட்டும் முடிசூடுவதில்லை. தன்னையே உணவாகத் தந்த ஒருத்தியின் நினைவாகச் சூடுகிறாள். மேடையின் ஒளிவிளக்குகளில் அந்த நினைவு மங்கிவருகிறது என்று வருந்துவோர் இருக்கக்கூடும். தைப்பூசத்தைப் பற்றித் தமிழ்ப் பெரியோர் கொள்ளும் வருத்தத்திற்கு அது அயலானதன்று. சிந்திய சோற்றுப் பருக்கையை மிதிக்கக் கூடாது என்று பிள்ளையைக் கண்டித்து வளர்க்கும் தமிழ்த்தாய், இந்தக் கதையைக் கேட்டால் கணப்பொழுதில் புரிந்துகொள்வாள். அவளுக்கு அதனைச் சொல்ல வேண்டிய பயணக் கட்டுரைதான் சொல்லாமல் போய்விட்டது.

இன்னும் அண்மையில், தலைநகரின் விளிம்பிலேயே, அம்பாங்கில் 1862இல் தோன்றிய ஒன்பது பேரரசர் கோயில் இருக்கிறது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள்களில் அங்கு அடியார்கள் புலாலை விலக்குகின்றனர், வெண்ணிற உடை அணிகின்றனர், தீமிதிக்கின்றனர், அலகு குத்திக்கொள்வோரும் உண்டு. பினாங்கிலும் பத்துமலையிலும் தைப்பூசத்தன்று சீனர்கள் தேங்காய் உடைப்பதையும் காவடி எடுப்பதையும் தமிழ்ச் செய்தித்தாள்கள் பெருமையோடு வெளியிடுகின்றன. அதே சீனரின் ஒன்பது நாள் நோன்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சிலவே. தன் விழாவுக்குப் பிறர் வருவதைக் கொண்டாடுபவர், பிறர் விழாவுக்குத் தாம் சென்றதைச் சொல்ல அவ்வளவு ஆர்வம் காட்டுவதில்லை.

தமிழ்ப் பயண எழுத்து முழுவதுமே இப்படி என்று கூறினால் அது பழியாகும். ஏ. கே. செட்டியாரை எடுத்துக்கொள்ளலாம். காந்தியடிகள் பற்றிய ஆவணப்படத்திற்காக நான்கு கண்டங்களில் அலைந்து, 1940இல் அதனைத் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர். உலகைச் சுற்றியவர் என்ற பெயர் பெற்றும், தாம் எழுதிய பக்கங்களில் தம்மை முன்னிறுத்திக்கொள்ளாதவர். குமரி மலரில் பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடியெடுத்து வெளியிட்டதும் அக்குணத்தின் மறுபக்கமே. தாம் கண்டதைவிடப் பிறர் கண்டதும் வாசகனுக்குப் பயன்படும் என்று கருதும் பயணி அரியவர். அவருக்குப் பின்வந்த வார இதழ்ப் பயணத் தொடர்கள் பலவற்றில் விமான நிலையமும், விடுதி அறையும், சைவ உணவு கிடைக்காத துன்பமும் பெற்ற இடத்தை அந்நாட்டு மக்கள் பெறவில்லை. எழுத்தாளரே கதைத்தலைவரானார், நாடுகள் அவருக்குப் பின்னே தொங்கிய திரைச்சீலைகள் ஆயின.

இந்த நோய் எங்கே தொடங்குகிறது என்று தேடினால், தொடக்கப்பள்ளிக் கட்டுரை ஏட்டில்தான். ‘நான் சென்ற சுற்றுலா’ என்னும் தலைப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் எழுதுவதைத் திருத்தாத தமிழாசிரியர் இரார். காலை ஆறு மணிக்குப் பேருந்து புறப்படும். கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்புவான். வழியில் இயற்கை எழில் கொஞ்சும். சேர்ந்த இடத்தில் படங்கள் எடுக்கப்படும். உணவுப் பொட்டலங்கள் பிரிக்கப்படும். மாலையில் அனைவரும் களைப்புடனும் மகிழ்ச்சியுடனும் வீடு திரும்புவர். மலாக்காவுக்குச் சென்றாலும் பினாங்குக்குச் சென்றாலும் கட்டுரை மாறுவதில்லை. ஊர்ப்பெயர் மட்டும் மாறும். அதில் ஒரு மனிதரின் குரலும் கேட்காது. இதற்கு மாணவனை நோவதில் பயனில்லை. அந்தப் பொற்கதிர்களுக்கு மதிப்பெண் இட்டுப் பழக்கியவர் ஆசிரியர். அப்படி இடுமாறு அவருக்குப் பயிற்சியளித்தவர்களும் உளர்.

1987இல் இந்நாட்டில் பண்பாடும் சுற்றுலாவும் ஒரே அமைச்சின்கீழ்க் கொணரப்பட்டன. 1990 மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டாக அறிவிக்கப்பட்டது. அதுமுதல் திருவிழாக்கள் நாட்டின் விருந்தோம்பலில் ஓர் அங்கமாயின. அதனால் தீமையே விளைந்தது என்று கூறுவதற்கில்லை. கோலாலம்பூரில் தைப்பூசத்திற்கு 2008இல்தான் பொது விடுமுறை கிடைத்தது. விழாவின் சிறப்பு உலகறிய விளங்கியதும் அதற்கு ஓரளவு துணைநின்றிருக்கலாம். சிங்கப்பூரிலோ 1968இல் எடுக்கப்பட்ட தைப்பூச விடுமுறை மீண்டும் வரவில்லை. ஆயினும் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோட்டு முருகன் கோயில்வரை காவடிகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. பார்க்க வருபவர் கூட்டம் விழாவைக் கெடுத்துவிடும் என்ற அச்சமும் முழுவதும் பொருந்தாது. வருபவர் கேட்கத் தொடங்கும்போது, சொல்ல வேண்டியவர் தாம் அறிந்தது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க நேர்கிறது.

அந்தச் சுற்றுலாக் கட்டுரையை வேறு வகையில் எழுதச் செய்ய இயலாதா? பேருந்து புறப்படும் முன்பே மாணவன் வீட்டில் ஒருவரிடம் பேசி வரவேண்டும் என்று ஓர் ஆசிரியர் கட்டளையிடலாம். பத்துமலைக்குச் செல்வதாயின், தோட்டத்தில் வாழ்ந்த பாட்டியிடம் கேட்கட்டும். எந்தத் தோட்டம், விழாவுக்கு எதில் ஏறி வந்தார்கள், எத்தனை நாள் விரதம், யாருக்காக நேர்த்தி, வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டவர் யார். தோளில் காண்டா பட்ட இடத்தில் காய்ப்பு இருக்கிறதா என்றும் கேட்கட்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. காண்டா தூக்கியவர்களுள் இன்று உயிரோடிருப்போர் எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது தமிழ்ப்பள்ளியின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் அமர்ந்து, கதிரவனின் பொற்கதிர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கின்றனர்.